கடைசி இதழுக்கு அனுப்பிய பக்கங்கள்

மனைவியின் முப்பத்தோராம் நாள் காரியங்கள் முடிந்த அடுத்த வாரம், கோப்பாயில் எங்கள் வீட்டுப் படலையில் தபால்காரர் சைக்கிள் மணியை அடித்தார். போய்ப் பார்த்தேன். கையில் ஒரு பிளாஸ்டிக் உறையை வைத்துக்கொண்டு, கொடுப்பதா வேண்டாமா என்று யோசித்தபடி நின்றார்.

"ரீச்சரின்ரை புத்தகம் வந்திருக்கு. என்ன செய்ய ஐயா, திருப்பி அனுப்பட்டோ?"

"இல்லை, தாங்கோ."

வாங்கி மேசையில் வைத்தேன். உறையின் மேல் அவள் பெயர் அச்சடித்திருந்தது. ஒரு மாதமாக அந்தப் பெயரை மரண அறிவித்தலிலும் கல்வெட்டு என்ற நினைவு மலரிலும் இறப்புச் சான்றிதழிலும் பார்த்துக்கொண்டிருந்தேன். இது நான்காவது இடம் என்று மட்டும் தோன்றியது. வேறொன்றும் தோன்றவில்லை. செத்தவீட்டுக்கு வந்தவர்கள் நான் அழுவேன் என்று காத்திருந்துவிட்டுப் போனார்கள். எட்டு மாதம் ஆஸ்பத்திரியும் வீடுமாக அலைந்ததில் களைத்துப்போனேன் என்று அவர்களே ஒரு காரணமும் சொல்லிக்கொண்டார்கள். நானும் மறுக்கவில்லை.

அந்தப் பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது எஸ்பெராந்தோ மொழியில் வரும் ஒரு செய்தி இதழ். எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாமல், எல்லோருக்கும் இரண்டாவது மொழியாக இருக்கட்டும் என்று ஒருவர் உட்கார்ந்து உருவாக்கிய மொழி அது. என் மனைவிக்கு அது தெரியும். ஆசிரியர் பயிற்சிக் காலத்தில் வாசிகசாலை மேசையில் கிடந்த ஒரு சின்னப் புத்தகத்தைப் பார்த்து, அதன் பின்னட்டையில் இருந்த முகவரிக்கு எழுதிப்போட்டுப் படித்தாள். கலியாணத்துக்கு முன்பே அந்த இதழுக்கு எழுதத் தொடங்கிவிட்டாள். எனக்கு அது ஒரு பொழுதுபோக்கு, முத்திரை சேர்ப்பது போல. நான் கேட்டதில்லை, அவளும் விளக்கியதில்லை.

எனக்கு வேலை வேறு. யாழ்ப்பாணத்தில் ஒரு தினசரிப் பத்திரிகையில் இருபத்தெட்டு வருடம் பிழைதிருத்துநராக இருந்தேன். அந்த வருடங்களில் எங்கள் பத்திரிகையில் எத்தனை பெயர்கள் வந்தன என்பதை இங்கே இருந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. எல்லாப் பெயர்களும் என் பேனாவுக்குக் கீழேதான் போயின. செத்தவரின் பெயரில் எழுத்துப்பிழை வந்துவிடக்கூடாது என்பதுதான் என் கவலையாக இருந்தது. அவர் செத்தது அல்ல. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. இல்லாவிட்டால் அந்த வேலையைச் செய்திருக்க முடியாது.

மனைவி உடுப்பிட்டியில் ஒரு பெண்கள் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பித்தாள். காலை பஸ்ஸில் போய், பின்னேரம் பஸ்ஸில் வருவாள். எங்களுக்கு ஒரே மகன்.

போர் நடந்த வருடங்களில் அவனைக் கட்டிக் காப்பாற்றினோம். முடிந்த பிறகுதான் அவன் போனான். இருபது வயது. இங்கே இருந்து என்ன செய்யிறது என்று கேட்டான். ஒரு ஏஜென்சிக்காரன் மூலம் கொழும்பு, பிறகு ஆபிரிக்காவில் இரண்டு மூன்று நாடுகள், கடைசியில் வட ஆபிரிக்காவின் கடற்கரை. அங்கிருந்து தாயோடு தொலைபேசியில் கதைத்தான்.

"அம்மா, நாளைக்கு இல்லாட்டி நாளையிண்டைக்குப் படகிலை ஏத்துவாங்கள். இறங்கின உடனை எடுக்கிறன். அப்பாட்டைச் சொல்லுங்கோ."

அதற்குப் பிறகு அழைப்பு வரவில்லை. ஏஜென்சிக்காரனின் நம்பர் வேலை செய்யவில்லை. ஒன்பது நாள் கழித்து என் மேசைக்கு ஒரு செய்தி வந்தது. படகொன்று கவிழ்ந்தது, ஆட்கள் பல நாட்டவர், பெயர் விவரம் இல்லை. 'மத்தியதரைக் கடல்' என்பதில் 'ட' விடுபட்டிருந்தது. அந்த எழுத்தைச் சேர்த்து, தாளை அச்சுக்கு அனுப்பினேன். பிறகு முகம் கழுவிக்கொண்டு வந்து அடுத்த தாளை எடுத்தேன். அது அவனுடைய படகா என்பது அன்றைக்கும் தெரியாது, இன்றைக்கும் தெரியாது.

மூன்று வருடம் காத்திருந்தோம். பிறகு நான் ஒரு முடிவுக்கு வந்தேன். கீரிமலைக்குப் போய் அவனுக்குச் செய்யவேண்டியதைச் செய்துவிடுவது என்று. ஒரு காலை அவள் பாடசாலைக்குச் சேலை உடுத்திக்கொண்டு நிற்கும்போது சொன்னேன்.

"நீங்கள் செய்யிறதெண்டால் செய்யுங்கோ. நான் வரேல்லை," என்றாள்.

"உமக்கு இன்னும் நம்பிக்கை இருக்கோ?"

"நம்பிக்கை இல்லை. எனக்குத் தெரியாது, அவ்வளவுதான். தெரியாததுக்கு எப்பிடி எள்ளுந் தண்ணியும் இறைக்கிறது?"

பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று போய்விட்டாள். நான் போய்ச் செய்தேன். ஐயர் சொன்ன இடத்தில் அவன் பெயரைச் சொன்னேன். கேணியில் முழுகிவிட்டு வந்தேன். அன்றைக்குப் பின்னேரம் அவள் வந்து வழக்கம்போல இடியப்பம் அவித்தாள். அதற்குப் பிறகு பத்து வருடம் எங்கள் வீட்டில் அவனைப் பற்றிய பேச்சு இல்லை. சண்டையும் இல்லை. மற்றதெல்லாம் கதைத்தோம்.

இதுதான் நாங்கள். இனி, அந்த இதழுக்கு வருகிறேன்.

அடுத்த மாதமும் அது வந்தது. இந்த முறை உள்ளே மடித்த ஒரு கடிதம் இருந்தது. எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. அடியில் ஒரு மின்னஞ்சல் முகவரி இருந்தது. அதற்கு ஆங்கிலத்தில் எழுதினேன்: நான் கணவர். அவர் மாசி மாதம் காலமாகிவிட்டார். இனி அனுப்ப வேண்டாம்.

மறுநாளே பதில் வந்தது. எழுதியவர் இதழின் ஆசிரியை. எழுபது கடந்தவர், ரயில்வேயில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். தன் ஆங்கிலம் நல்லதில்லை என்று மன்னிப்புக் கேட்டுவிட்டு எழுதியிருந்தார். என் மனைவி இறந்த செய்தியைப் படித்துவிட்டுச் சமையலறைக்குப் போய்ச் சிறிது நேரம் நின்றதாக எழுதியிருந்தார். அந்த ஒரு வரியை இரண்டு தரம் வாசித்தேன். முன்பின் தெரியாத ஒருவர், முன்பின் தெரியாத ஒரு ஊரில், என் மனைவிக்காகச் சமையலறையில் போய் நின்றிருக்கிறார்.

பிறகு விஷயத்தை எழுதியிருந்தார். இதழ் இந்த வருடத்தோடு நின்றுபோகிறது. வேலை செய்ய மிஞ்சியிருப்பவர்கள் ஐந்து பேர். அதில் இரண்டு பேருக்குக் கண் சரியில்லை. அச்சடித்துத் தந்த அச்சகமும் மூடிவிட்டது. கடைசி இதழில் இந்த இதழின் வரலாற்றை எழுதப்போகிறார்கள். ஆனால் அவர்களிடமே பழைய இதழ்கள் முழுமையாக இல்லை. அலுவலகம் இருந்த நிலவறைக்குள் ஆற்று வெள்ளம் வந்து பல வருடத்து இதழ்கள் கூழாகிவிட்டன. தன்னிடம் ஒன்று விடாமல் இருக்கிறது என்று என் மனைவி ஒருமுறை எழுதியிருந்தாளாம். முக்கியமாக வாசகர் கடிதப் பக்கங்கள் வேண்டும். படம் பிடித்து அனுப்ப முடியுமா?

அவளிடம் இருந்தது உண்மைதான். போரில் ராணுவம் வருகிறதென்று எங்கள் வலிகாமம் முழுவதும் ஒரே நாளில் எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தபோது, நான் சைக்கிளின் பாரில் நாலு வயது மகனையும் கரியரில் அரிசி மூட்டையையும் வைத்திருந்தேன். அவள் தன் சைக்கிளில் சீமெந்துக் கடதாசியில் சுற்றிய ஒரு கட்டை வைத்துக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"உந்தக் கடதாசியையோ காவப்போறீர்?" என்று ஏசினேன்.

"அரிசி முடிஞ்சால் ஆரிட்டையும் கேக்கலாம்," என்றாள்.

அந்தக் கட்டும் அதற்குப் பிறகு சேர்ந்தவையும் அவளுடைய இரும்பு அலுமாரியில் வருட ஒழுங்கில் இருந்தன. கைபேசியால் படம் பிடித்து அனுப்பியிருந்தால் இரண்டு நாளில் வேலை முடிந்திருக்கும். ஆனால் எந்தப் பக்கம் கடிதப் பக்கம் என்றே எனக்குத் தெரியவில்லை. அலுமாரியின் கீழ்த்தட்டில் அவள் முதல் முதல் அந்த மொழியைப் படித்த கொப்பி இருந்தது. பக்கத்தின் இடப்பக்கம் எஸ்பெராந்தோ, வலப்பக்கம் தமிழ். அவளுடைய இருபது வயதுக் கையெழுத்து. கைபேசியில் மொழிபெயர்க்கும் வசதியும் இருந்தது. ஆனால் அது தந்த தமிழைத் திருத்துவதற்கே எனக்கு நேரம் போயிற்று. கொப்பியே போதும் என்று முடிவு செய்தேன்.

பெயர்ச்சொல் எல்லாம் 'ஓ' என்று முடியும். பெயரடை எல்லாம் 'ஆ'. வினைச்சொல் நிகழ்காலத்தில் 'அஸ்', இறந்தகாலத்தில் 'இஸ்', எதிர்காலத்தில் 'ஓஸ்'. விதிவிலக்கு ஒன்றுமில்லை. வாழ்நாள் முழுக்கத் தமிழ்ப் புணர்ச்சி விதிகளோடு மல்லுக்கட்டிய எனக்கு அது நம்ப முடியாததாக இருந்தது. மிளகாய்க் கன்றுகளுக்கு வாய்க்காலில் தண்ணீர் மாறிவிட்டு, வெயில் ஏறும்வரை கொப்பியோடு இருப்பேன். மூன்று மாதத்தில், மெல்ல மெல்ல, வாசிக்க வந்துவிட்டது. சந்தோஷமாக இருந்ததா என்று கேட்டால், இல்லை. ஒரு வேலை இருந்தது. செய்தேன்.

அப்படித்தான் அந்த இதழின் வரலாறும் எனக்குத் தெரியவந்தது. அதைத் தொடங்கியவர்கள் இரண்டு பேர்: ஆற்றங்கரைச் சிறுநகரம் ஒன்றில் ஒரு ஆரம்பப் பாடசாலை ஆசிரியர், மற்றவர் அச்சுக் கோர்ப்பவர். முதல் இதழ் எட்டுப் பக்கம். முகவரிகளைக் கையால் எழுதி ஒட்டினார்கள். அவர்கள் வைத்துக்கொண்ட சட்டம் ஒன்றே ஒன்று. ஒரு நாட்டைப் பற்றிய செய்தியை அந்த நாட்டில் குடியிருக்கிறவர்தான் எழுத வேண்டும். வெளியிலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போகிறவர் எழுதக்கூடாது. செய்தி நிறுவனத்தின் மொழிபெயர்ப்பும் கூடாது. யாருக்கும் சம்பளம் இல்லை. இதழில் ஆசிரியர் தலையங்கமும் இல்லை.

இரண்டு நாடுகள் சண்டை பிடித்த ஒரு வருடம், இரண்டு பக்கத்து ஆட்களும் ஒரே இதழில் எழுதியிருந்தார்கள். இடப்பக்கத்தில் இருந்தவர் தன் தெருவில் குண்டு விழுந்ததைப் பற்றி எழுதுகிறார். வலப்பக்கத்தில் இருந்தவர் தன் மகளைப் படைக்கு எடுத்ததைப் பற்றி எழுதுகிறார். இருவரும் ஒருவரையொருவர் பெயர் சொல்லி விசாரித்திருக்கிறார்கள். நான் வேலை செய்த பத்திரிகையில் அப்படியொரு பக்கம் வந்திருக்க முடியாது.

இதழைத் தொடங்கிய பாடசாலை ஆசிரியர் செத்தபோது அவருடைய மனைவி மூன்று இதழ்களைத் தனியாகக் கொண்டுவந்தார். அவருக்கு மொழி சரியாகத் தெரியாது. அந்த மூன்று இதழ்களிலும் பிழைகள் நிறைய. ஒருவரும் அதைப் பற்றிக் குறைசொல்லி எழுதவில்லை.

என் மனைவி எழுதியவற்றையும் வாசித்தேன். பொருளாதாரத் தடை இருந்த காலத்தில், மண்ணெண்ணெய் அரிதானபோது நாங்கள் கொளுத்திய ஜாம் போத்தல் விளக்கைப் பற்றி ஒரு கட்டுரை. போத்தலுக்குள் பஞ்சை வைத்துச் சொட்டு எண்ணெய் விட்டால் ஏன் அவ்வளவு நேரம் எரிகிறது என்று விஞ்ஞான ரீச்சராக விளக்கியிருந்தாள். சவர்க்காரம் இல்லாமல் பனங்களியில் உடுப்புத் தோய்த்தது பற்றி இன்னொன்று. எங்கள் வீட்டுக் கிணற்றடியில் நடந்ததெல்லாம் இருந்தது. எங்கள் தட்டெழுத்து இயந்திரத்தில் அந்த மொழியின் சில எழுத்துகளுக்கு மேலே வரும் தொப்பிக் குறி இல்லை. அவள் ஒவ்வொன்றையும் குமிழ்முனைப் பேனாவால் போட்டு அனுப்பியிருக்கிறாள். கார்பன் பிரதிகளில் அதைக் கண்டேன். ஒரு குறியும் விடுபடவில்லை. பனி நாடொன்றிலிருந்து ஒரு வாசகர், தானும் ஜாம் போத்தலில் விளக்குச் செய்து பார்த்ததாகவும், மூன்று மணி நேரம் எரிந்ததாகவும் எழுதியிருந்தார்.

மகன் போன வருடத்து இதழ்களுக்கு வந்தபோது புரட்டுவதை நிறுத்திவிட்டு இரண்டு நாள் தோட்டத்தில் நின்றேன். பிறகு வந்து வாசித்தேன்.

அந்த வருடத்திலிருந்து அவள் கட்டுரை எழுதவில்லை. கடிதப் பக்கத்தின் அடியில், சின்ன எழுத்தில், ஒவ்வொரு இதழிலும் ஏழெட்டு வரி. முதலாவதைக் கொப்பியை வைத்துச் சொல் சொல்லாக விளங்கிக்கொண்டேன்.

'நான் ஒரு தாய். எங்களுக்கு ஒரு மகன் இருக்கிறான். உயரமானவன். இடது புருவத்தில் சின்னத் தழும்பு இருக்கிறது. அவன் படகில் கடலைக் கடந்துகொண்டிருக்கிறான். உங்கள் ஊரில் கடல் இருந்தால், துறைமுகம் இருந்தால், முகாமோ ஆஸ்பத்திரியோ சுடலையோ இருந்தால், தயவுசெய்து ஒருமுறை போய்ப் பாருங்கள்.'

அதே வரிகள் அடுத்த மாதமும். அதற்கடுத்த மாதமும். சில மாதம் ஒன்றிரண்டு சொல் மாறும். நான் கீரிமலைக்குப் போய்வந்த மாதத்திலும் இருந்தது. கடைசியாக, அவள் ஆஸ்பத்திரியில் கிடந்த மாதத்திலும் இருந்தது. அத்தனை வருடமும் அவனைப் பற்றிய வினை எல்லாம் நிகழ்கால 'அஸ்'. ஒரு இடத்திலும் இறந்தகால 'இஸ்' இல்லை. வாசித்துக்கொண்டு போகும்போது என் கை தன்பாட்டில் பென்சிலைத் தேடியது. பிழை என்று நினைத்து அடிக்கோடு போடப் பார்த்தது. பென்சிலை மேசை லாச்சிக்குள் போட்டு மூடினேன்.

அலுமாரியில் ஒரு நீல நிறக் கோப்பும் இருந்தது. அவளுக்கு வந்த பதில்கள். உலகத்தில் எங்கெங்கோ இருந்த மனிதர்கள் போய்ப் பார்த்திருக்கிறார்கள். கப்பலில் வேலை செய்து ஓய்ந்த ஒருவர் வாரத்தில் ஒருநாள் துறைமுகத்துக்குப் போய், இறங்கியவர்களின் புருவத்தைப் பார்த்திருக்கிறார். கடற்கரையில் பெயரில்லாதவர்களைப் புதைக்கும் ஒரு மயானத்துக்குப் பக்கத்தில் இருந்த ஒரு ஆசிரியை, ஒவ்வொரு புதைகுழியையும் பற்றித் தெரிந்ததை எழுதி அனுப்பியிருக்கிறார்: ஆணா, பெண்ணா, என்ன நிற உடுப்பு. பல கடிதங்களில் ஒரே வரிதான். 'இந்த மாதமும் பார்த்தேன். இல்லை.' கீழே கையெழுத்து.

அவள் இதையெல்லாம் வாசித்த நேரங்களில் நான் பக்கத்து அறையில்தான் இருந்தேன். ரீவியில் செய்தி பார்த்துக்கொண்டு.

கோப்பின் நடுவில் ஒரு கடிதம் மற்றவற்றைவிட நீளமாக இருந்தது. ஒரு கரையோர நகரத்தில் தடுப்பு முகாமுக்குப் போய்வரும் ஒரு வாசகர் எழுதியது. அங்கே ஒரு இளைஞன் மாதக்கணக்காக யாரோடும் கதைக்காமல் இருக்கிறான், தமிழன் போல இருக்கிறது, ஆனால் புருவத்தில் தழும்பு இல்லை. 'உங்கள் மகன் இல்லை, மன்னியுங்கள். தன் ஊர்ப் பெயரைச் சொன்னான், எனக்கு எழுதத் தெரியவில்லை. அவனையே எழுதச் சொன்னேன்.' அதோடு இணைத்திருந்த துண்டில் நடுங்கும் தமிழ் எழுத்தில் ஒரு பெயர், தகப்பன் பெயர், ஊர் பண்டத்தரிப்பு.

கடிதத்தின் ஓரத்தில் என் மனைவி பென்சிலால் எழுதியிருந்தாள்: 'போய்ச் சொன்னேன்.'

அடுத்த சனிக்கிழமை நான் பண்டத்தரிப்புக்குப் போனேன். யாழ்ப்பாணத்தில் பஸ் மாறி, இறங்கி, கடையொன்றில் தகப்பனின் பெயரைச் சொல்லிக் கேட்டேன். வழி காட்டினார்கள். வீட்டு முற்றத்தில் ஐம்பத்தைந்து வயதளவில் ஒரு பெண் சாக்கில் வெங்காயம் பரப்பிக்கொண்டிருந்தார். நான் ஆர் என்று சொல்ல வாயெடுத்தேன்.

"நீங்கள் ரீச்சரின்ரை அவர் எல்லே?" என்றார். "வாங்கோ அண்ணை. இருங்கோ. செத்தவீட்டுக்கு வந்தனான். நீங்கள் கண்டிருக்கமாட்டியள். பின்னுக்கு நிண்டிட்டுப் போட்டன்."

"இவ உங்களிட்டை வந்தவவோ?" என்று கேட்டேன். வேறு எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை.

"ஓம், வந்தவா. ஒரு வெய்யிலுக்கை குடையைப் பிடிச்சுக்கொண்டு படலையடியிலை நிண்டு, 'உங்கடை மகன் உயிரோடை இருக்கிறார்' எண்டு சொன்னவா. நான் ஆரோ விசர் எண்டு நினைச்சிட்டன். பிறகு அவன் எழுதின துண்டைக் காட்டினவா. என்ரை பிள்ளையின்ரை எழுத்து எனக்குத் தெரியாதோ?"

அவர் வெங்காயத்தைக் கையால் அளைந்தார்.

"அண்ணை, நாங்கள் அவன்ரை படத்துக்கு மாலை போட்டிட்டம். ரீச்சர் உள்ளுக்கு வரேக்கை அந்தப் படம் சுவரிலை இருந்தது. பாத்துக்கொண்டு நிண்டவா. பிறகு, 'அந்த மாலையை நீங்களே கழட்டுங்கோ, நான் தொடேல்லை' எண்டு சொன்னவா. கதிரையிலை ஏறிக் கழட்டினன். அவாதான் கதிரையைப் பிடிச்சவா."

நான் சுவரைப் பார்த்தேன். அங்கே ஒரு கலண்டர் தொங்கியது.

"அவன் இப்ப எங்கை?"

"அங்கைதான். பேப்பர் கிடைச்சிட்டுது. பேக்கரி ஒண்டிலை வேலை. போன வருஷம் கலியாணமும் கட்டிட்டான். ஞாயிற்றுக்கிழமையிலை எடுப்பான்."

"எங்கடை மகனை..." என்று தொடங்கினேன். பத்து வருடத்தில் அந்தச் சொல்லை முதல் தடவையாக வெளியே சொன்னது அங்கேதான், தெரியாத ஒரு முற்றத்தில். "எங்கடை மகனை அவன் எங்கையும் கண்டிருப்பானோ?"

"ரீச்சரும் அதைத்தான் கேட்டவா. படத்தையும் அனுப்பிக் கேட்டம். தான் வேறை படகு எண்டு சொன்னவன். காணேல்லையாம்."

தேத்தண்ணி கொண்டுவந்து தந்தார். குடித்தேன். என் மனைவி மாதத்தில் ஒருமுறை அங்கே வருவாளாம். நான் அவள் பழைய மாணவிகளைப் பார்க்கப் போகிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், அப்படித்தான் சொல்லியிருந்தாள். வந்து என்ன கதைப்பீர்கள் என்று கேட்டேன்.

"பெரிசா ஒண்டுமில்லை. வெங்காயம் நுள்ளுவம். மகன் போன் எடுத்தால் அவாவும் கதைப்பா. என்ன சாப்பிட்டனி, குளிருக்குச் சட்டை இருக்கோ எண்டு கேப்பா. அவ்வளவுதான்."

"எனக்கேன் சொல்லேல்லை எண்டு எப்பவாவது சொன்னவவோ?"

அந்தப் பெண் யோசித்தார். சொல்லலாமா என்று யோசிப்பது தெரிந்தது.

"ஒருக்காக் கேட்டனான் அண்ணை. 'அவர் ஒரு மாதிரி ஒரு முடிவுக்கு வந்திட்டார். நான் போய்க் குழப்பினால் அவருக்குத் திரும்ப முதலிலை இருந்து துவங்கவேணும். அவர் தாங்கமாட்டார்' எண்டு சொன்னவா."

நான் அவள் தாங்கமாட்டாள் என்றுதான் பத்து வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அதை அந்தப் பெண்ணிடம் சொல்லவில்லை. வெயில் சாய்ந்ததும் எழும்பினேன். ஒரு பையில் வெங்காயம் கட்டித் தந்தார். பஸ்ஸில் இடம் கிடைக்கவில்லை; யாழ்ப்பாணம் வரைக்கும் நின்றுகொண்டே வந்தேன். பக்கத்தில் நின்றவர் பாரமாக இருந்தால் பையைத் தரச் சொல்லிக் கேட்டார். எனக்குப் பாரம் தெரியவில்லை. அன்றைக்கு எனக்கு எதுவுமே தெரியவில்லை என்பதுதான் சரி.

கடிதப் பக்கங்கள் முழுவதையும் படம் பிடித்து அனுப்பினேன். இதழின் ஆசிரியை, மனைவியைப் பற்றி என்னையே அரைப்பக்கம் எழுதித் தரும்படி கேட்டார். அந்த மொழியில் இரண்டு கிழமை இருந்து எழுதினேன். நாலு இடத்தில் திருத்தி அனுப்பியிருந்தார். என் வாழ்க்கையில் மற்றவர் என் எழுத்தைத் திருத்தியது அதுதான் முதல் தடவை. திருத்தங்கள் எல்லாம் சரியானவை.

பிறகு வரலாற்றின் வரைவையும் அனுப்பி, எங்களைப் பற்றிய பந்தி சரியா என்று பார்க்கச் சொன்னார். 'யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு தாய் இந்தப் பக்கத்தின் வழியாகப் பல வருடங்கள் தன் மகனைத் தேடினார். வாசகர்கள் பலர் உதவினார்கள். தேடல் பலனளிக்கவில்லை' என்று இருந்தது. தகவல் பிழை என்று எழுதினேன். ஒருவன் கிடைத்தான். வேறு ஒரு தாயின் மகன். அவன் இப்போது ஒரு பேக்கரியில் வேலை செய்கிறான். கடைசி வசனத்தை எடுத்துவிட்டு இதைப் போடுங்கள். பண்டத்தரிப்பில் கேட்டுச் சம்மதம் வாங்கியும் அனுப்பினேன். அவர் அப்படியே போட்டார்.

கடைசி இதழ் மார்கழி மழையில் வந்தது. தபால்காரர் சேட்டுக்குள் வைத்து நனையாமல் கொண்டுவந்தார். வரலாறு பதினொரு பக்கம். எங்கள் பந்தியில் பண்டத்தரிப்பின் எழுத்துக்கூட்டலில் ஒரு எழுத்துப் பிழைத்திருந்தது. இனித் திருத்த அடுத்த இதழ் இல்லை. அதைக் கொண்டுபோய்ப் பண்டத்தரிப்பில் காட்டினேன். அந்தப் பெண் பக்கத்தைத் தடவிப் பார்த்து, "இதிலை தேடிப் பாத்த ஆக்கள் எல்லாரையும் பற்றி எழுதியிருக்கோ?" என்று கேட்டார். ஓம் என்றேன்.

இதோடு முடிந்தது என்று நினைத்தேன். பழைய இதழ்களை ஒரு நூலகம் கேட்டிருந்தது. அவளுடைய கொப்பியையும் சேர்த்து அட்டைப் பெட்டிகளில் அடுக்கிக் கட்டி வைத்தேன். தைப்பொங்கல் கழிந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. எழுதியவர் நான் கேள்விப்பட்டிராத ஒரு தீவில் இருக்கும் ஒரு மருத்துவத் தாதி. அந்த இதழுக்கு அவர் கடைசி வருடத்தில்தான் சந்தா கட்டினாராம். வரலாற்றை வாசித்ததாகவும், தன் ஊரிலும் ஆட்கள் கடலால் வந்து இறங்குவதாகவும், தான் பார்க்க விரும்புவதாகவும் எழுதியிருந்தார். இதழ் நின்றுவிட்டதால் ஆசிரியையிடம் முகவரி வாங்கி நேரடியாகக் கேட்கிறேன் என்றார். 'இப்போது உங்கள் மகனுக்கு எத்தனை வயது? முகம் மாறியிருக்கும். உங்கள் குடும்பத்தில் ஆண்களுக்கு எந்த வயதில் தலைமயிர் கொட்டும்? உடம்பு வைக்குமா?'

கணக்குப் பார்த்தேன். முப்பத்துமூன்று. அவன் அந்த வயதில் எப்படி இருப்பான் என்று நான் ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை. அவனுடைய கடைசிப் படத்தில் மீசை கூடச் சரியாக அரும்பவில்லை.

அலுமாரியின் மேல்தட்டில் இருந்து எங்கள் அல்பத்தை எடுத்தேன். முப்பத்துமூன்று வயதில் நான் அடையாள அட்டைக்கு எடுத்த படம் ஒன்று மிஞ்சியிருந்தது. முன் நெற்றி கொஞ்சம் ஏறியிருக்கிறது. கன்னம் கொஞ்சம் வைத்திருக்கிறது. அதை வெளிச்சத்தில் வைத்துப் படம் பிடித்தேன். தகப்பன் இந்த வயதில் இப்படி இருந்தேன், மகன் ஏறத்தாழ இப்படி இருக்கலாம், தாயின் மூக்கு அவனுக்கு என்று எழுதி, அவன் பெயரையும் எழுதி அனுப்பினேன்.

அடுத்த மாதம் அவரிடமிருந்து ஒரு வரி வந்தது. பார்த்தேன், இல்லை, வாற மாதமும் போவேன் என்று. நன்றி என்று எழுதினேன். பிறகு பெட்டிகளில் ஒன்றை அவிழ்த்து, அவளுடைய கொப்பியை மட்டும் வெளியே எடுத்து வைத்துவிட்டு, மற்றதைத் திரும்பக் கட்டினேன்.